ரகசிய பேரம் என்கிறார்களே, கோயில் திடலில் மைக் வைத்துப் பேசியது யார்?

உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே போதும், வேட்பாளருக்கு முன்னால் வதந்தி ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "காலனி ஓட்டை மொத்தமா பேசி முடிச்சாச்சாம்." "அந்தப் பையன் வாபஸ் வாங்க ரெண்டு லட்சமாம்." "கோயிலுக்கு கொட்டகை போட்டுத் தர்றேன்னு சொல்லி தெருவையே வளைச்சுட்டாங்களாம்." டீக்கடையில் பிறந்து, வாட்ஸ்அப்பில் வளர்ந்து, கடைசியில் நம் தெருவுக்கே வந்து அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் போவதில் முடிகிறது இது. ஓட்டு எண்ணி முடிந்து ஐந்து வருடம் ஆனாலும் அந்தச் சந்தேகம் போவதில்லை.

இந்த வதந்திகள் யாரைப் பற்றியவை என்று ஒருமுறையாவது கணக்கெடுத்துப் பாருங்கள். விலை போனது எப்போதும் சேரிதான். ஊர்க்காரர்கள் கூடி ஒருவரை நிறுத்தினால் அது 'ஊர் ஒற்றுமை'. நாம் கூடி, சுடுகாட்டுக்குப் பாதை போட்டுத் தருகிறவருக்கு ஓட்டு என்று சொன்னால் அது 'பேரம்'. இறந்தவரைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் நடக்கிறவர்கள் பாதை கேட்பதற்குப் பெயர் அரசியல் கோரிக்கை. அதை லஞ்சக் கணக்கில் எழுதுகிறவர்களோடுதான் நமக்குச் சண்டை.

உண்மையான பேரத்தைப் பார்க்க வேண்டுமானால் எந்தக் கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. 2019 டிசம்பரில், கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சத்துக்கும் துணைத் தலைவர் பதவி 15 லட்சத்துக்கும் ஏலம் போனதாகச் செய்தி வந்து தமிழகமே பேசியது. அந்த ஊரோடு முடிகிற கதையா இது? ஒவ்வொரு தேர்தலிலும் 'ஏலம் விட்டால் நடவடிக்கை' என்று மாவட்ட ஆட்சியர்கள் அறிக்கை விடுகிறார்களே, இல்லாத ஒன்றுக்கா அறிக்கை? பணம் கோயிலுக்குப் போகிறது, ஆகவே அது 'பொதுக்காரியம்'. அந்தக் கோயிலுக்குள் நாம் போக முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. அந்த 2019 தேர்தலில் போட்டியே இல்லாமல் நிரப்பப்பட்ட பதவிகள் 18,000-க்கும் அதிகம். அவற்றில் எத்தனை மனமொத்து நடந்தவை, எத்தனை மிரட்டி நடந்தவை என்று ஆணையம் விசாரித்ததாக நாம் கேள்விப்படவில்லை. வாபஸ் நேரம் முடிந்து ஒரே ஒரு மனு மிஞ்சினால் அதிகாரிக்கு ஒரு வேலை மிச்சம், அவ்வளவுதான்.

பேரம் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுவோம். கிராமத்து வாக்காளர் கையில் நான்கு சீட்டுகள் தரப்படுகின்றன: வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். முதல் இரண்டில் கட்சி கிடையாது, பின் இரண்டில் கட்சிச் சின்னம் உண்டு. "ரோஸ் சீட்டு உங்க ஆளுக்கே போட்டுக்கங்க, பச்சையும் மஞ்சளும் எங்களுக்கு" என்று ராத்திரி வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். வார்டு என்பது சில நூறு ஓட்டுதான். சேரிப் பெட்டியில் எது விழுந்தது, எது விழவில்லை என்பது ஓட்டு எண்ணி முடிந்ததும் ஊருக்கே தெரியும். களத்துமேட்டு வேலையும், தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரும், அவசரத்துக்கு வாங்கிய வட்டிக் கடனும் அவர்கள் கையில் இருக்க, நம் ஓட்டு ரகசியமானது என்று யார் நம்புவது?

தனி ஊராட்சிகளில் இது இன்னும் முற்றிப் போகிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளும் 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்து ஆண்டுகள் அங்கே என்ன நடந்தது? வேட்பு மனுவே வராது. வந்தால், ஊர் நிறுத்திய ஆள் ஜெயிப்பார், பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்வார். நாடே பார்க்க நடந்த பேரம் அது. 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் பேரத்துக்கு மசியாமல் நின்று ஜெயித்த முருகேசனை, 1997 ஜூன் 30 அன்று, அவரோடு இருந்தவர்களையும் சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். இவ்வளவுக்கும் பிறகு, 'வாபஸ் வாங்க எவ்வளவு வாங்கினான்' என்று நம் பையனைப் பார்த்துக் கேட்கிறார்கள். வாங்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

இப்போது ராஜினாமா தேவைப்படுவதில்லை, முறை மாறிவிட்டது. தலைவர் பதவிக்குத்தான் இட ஒதுக்கீடு, துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. அவரை வார்டு உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஆகவே பேரம் எளிது: "நாற்காலி உனக்கு, சாவி எனக்கு." வீட்டு வேலைக்கு வரும் அக்காவை மனு போட வைத்து, கணவரிடம் சத்தியம் வாங்கி, துணைத் தலைவராகத் தங்கள் வீட்டு ஆளையே உட்கார வைப்பார்கள். பல ஊர்களில் அந்த நாற்காலியும் தருவதில்லை. 2020-இல் தெற்கு திட்டை ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டியவர்கள், அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

நமக்கும் வதந்திக்கும் உள்ள அடிப்படைத் தகராறு இதுதான். பேரம் என்றால் இரண்டு பக்கமும் வேண்டாம் என்று எழுந்து போகும் வாய்ப்பு இருக்க வேண்டும். எழுந்து போனால் கூலி போகும், வீடு எரியும் என்ற நிலையில் உட்கார்ந்திருப்பவரை 'பேரம் பேசினார்' என்று சொல்வது, கழுத்தில் கத்தி வைத்தவனை வியாபாரியாக்குவது. சட்டத்துக்கு இது தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)-இல், ஒரு தலித்தை மனு போடவிடாமல் தடுப்பது, போட்ட மனுவை மிரட்டி வாபஸ் வாங்க வைப்பது, முன்மொழியவிடாமல் செய்வது எல்லாம் குற்றம். ஊராட்சித் தலைவரை வேலை செய்யவிடாமல் தடுப்பதும், தேர்தலுக்குப் பிறகு ஊர்விலக்கு செய்வதும் அப்படியே. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தம் இது. வாபஸ் கடைசி நாளன்று மாலை எத்தனை காவல் நிலையங்களில் இந்தப் பிரிவில் வழக்குப் பதிவாகியிருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

நம் பக்கத்தில் பணம் வாங்கியவர்களே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. தெருவுக்குத் தெரியாமல் தெருவின் பெயரில் கை நீட்டிய 'தலைவர்கள்' இருக்கிறார்கள். அவர்களுக்கும் வசதியாக இருப்பது இதே வதந்திதான். எல்லோரையும் சந்தேகப்படும் இடத்தில் வாங்கியவன் தனியாகத் தெரியமாட்டான். அதற்கு மருந்து மூடிய அறையைத் திறப்பது. 1932 பூனா ஒப்பந்தத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது: ஒதுக்கப்பட்ட தொகுதிக்கு முதலில் ஒடுக்கப்பட்ட மக்களே தனியாக ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நால்வரில் ஒருவரைத்தான் எல்லோரும் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு மட்டுமே இருந்த ஏற்பாடு, போய்விட்டது. சட்டம் தராவிட்டால் என்ன, நம் தெருவில் நாம் செய்யத் தடை ஏது? தனி ஊராட்சி என்று அறிவிப்பு வந்தவுடன் அம்பேத்கர் சிலை முன் பகலிலேயே கூடுவோம். பெண்கள் முன்வரிசையில் உட்காரட்டும். யாரை நிறுத்துவது, யாரிடம் என்ன கேட்பது, எந்த வாக்குறுதிக்கு எது பதில் என்று பேசி, நோட்டில் எழுதி, கூடியவர்கள் கையெழுத்துப் போடுவோம். வார்டுகளையும் விட்டுவிடக் கூடாது, பொது வார்டிலும் நம் ஆட்களை நிறுத்துவோம். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எண்ணிக்கை வேண்டும்.

தேர்தல் ஆணையத்திடம் கேட்பதும் அதிகமில்லை. தனி ஊராட்சியில் வாபஸ் வாங்கும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், உடன் வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, தனியாகக் காரணம் கேட்டுப் பதிவு செய்யட்டும். போட்டியின்றி முடிந்த ஊராட்சிகளின் பட்டியலை வெளியிட்டு, ஒவ்வொன்றிலும் விசாரணை நடத்திய பிறகு சான்றிதழ் தரட்டும்.

அதுவரை, 'காலனி ஓட்டு எவ்வளவுக்குப் போச்சு' என்று கேட்டு வருகிறவரை நம் தெருவில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் ஊரில் ஏலம் எடுத்தவர் பெயரையும் தொகையையும் கேளுங்கள்.