நாத்துக்கு வாய்தா கிடையாது!



நடவு நேரத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வயல் வரப்பில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். வங்காளமும் இந்தியும் கேட்கும். மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குழுக் குழுவாக வந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நட்டுக் கொடுக்கிறார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் போயாச்சு. இதில் யாரைக் குற்றம் சொல்ல? வயிற்றுப்பாட்டுக்கு நம்ம பையன் அங்கே போகிறான், அவன் இங்கே வருகிறான்.

நாம் கேட்பது இதைத்தான்: வருகிற தொழிலாளிக்கு ஒரு பதிவு, ரேஷன் அரிசி, அடிபட்டால் ஒரு காப்பீடு. இதைச் செய்து கொடுக்க அரசாங்கங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?

கணக்கைப் பாருங்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கான சட்டம் 1979-லேயே வந்துவிட்டது. காண்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்க வேண்டும், பயணப்படி கொடுக்க வேண்டும், ஆள் கணக்கு வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவியதா? 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் லட்சக்கணக்கான பேர் மூட்டை முடிச்சோடு ரோட்டில் நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது மத்திய அரசு. சட்டம் போட்டு 41 வருஷம் கழித்து வந்த பதில் இது!

2021 ஜூன் 29-ல் உச்சநீதிமன்றம் தலையிட்டது. தொழிலாளர் அமைச்சகத்தின் அலட்சியம் மன்னிக்க முடியாதது என்று கண்டித்தது. ஜூலை 31-க்குள் பதிவைத் தொடங்கச் சொன்னது. ஆகஸ்ட் 26-ல்தான் இ-ஷ்ரம் பதிவு தொடங்கியது. இன்று அதில் 30 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் நம்மைப் போல விவசாய வேலை செய்கிறவர்கள்.

சரி, பதிந்தவனுக்கு என்ன கிடைத்தது? பதிந்தவர்களில் சுமார் 8 கோடிப் பேருக்கு ரேஷன் கார்டே இல்லை என்று தெரிந்தது. மூன்று மாதத்தில் கொடு என்றது நீதிமன்றம், 2023 ஏப்ரலில். கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் என்றது, 2024 மார்ச்சில். அப்போதும் முடியவில்லை. 2024 அக்டோபரில், இதுதான் கடைசி வாய்ப்பு என்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட்டால்தானே! கோட்டா முடிந்துவிட்டது என்பது அரசுகள் சொல்லும் காரணம். அந்தக் கோட்டா 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டது. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பையும் 2027-க்குத் தள்ளியாச்சு. இவர்கள் தலையை எண்ணாததற்கு ஏழை வயிறு காய வேண்டுமா?

"அவனுக்கு ரேஷன் கிடைக்காட்டி நமக்கென்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நமக்குத்தான் ரொம்ப இருக்கிறது.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, குறுவைக்கு நாத்து விட்டால் 20, 25 நாளில் பறித்து நட வேண்டும். நாத்து முத்தினால் தூர் கட்டாது. நடவு தள்ளினால் அறுவடை ஐப்பசி மழையில் மாட்டும். கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டு போனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று திருப்பி விடுவார்கள். கோர்ட்டில் அரசாங்கம் வாய்தா வாங்கலாம். நாத்து வாய்தா கொடுக்குமா?

பதிவு இல்லாத தொழிலாளி ஏஜெண்டு கையில்தான் இருக்கிறான். அவனுக்கு முன்பணம் கொடுத்தவன் ஏஜெண்டு, இடம் காட்டுகிறவனும் ஏஜெண்டு. கூலியில் ஒரு பங்கு, நம்மிடம் கமிஷனில் ஒரு பங்கு. பெரிய பண்ணைக்கு முதலில் ஆள் போகும். ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிறவன் கடைசியில் நிற்க வேண்டும். நம் பாட்டன் பூட்டன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலேயா ரப்பர் தோட்டத்திலும் கங்காணியிடம் பட்ட பாடுதான் இது. அன்று போனவர்கள் நாம். இன்று வருகிறவர்கள் அவர்கள். கங்காணி மட்டும் மாறவில்லை.

பாம்பு கடித்தால், மோட்டார் ஷாக் அடித்தால் யார் பொறுப்பு? ஏஜெண்டு போனை அணைத்துவிடுவான். கடன் வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது சின்ன விவசாயி. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது, பயந்து எத்தனை பேர் ரயில் ஏறினார்கள்! யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அரசாங்கத்திடம் ஒழுங்கான பதிவு இருந்திருந்தால், நேரில் போய் தைரியம் சொல்லியிருக்கலாமே.

2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமலுக்குக் கொண்டு வந்தார்கள். தானாக வேலை தேடி வந்தவனும் புலம்பெயர் தொழிலாளிதான் என்று அதில் ஒப்புக்கொண்டிருப்பது நல்லதே. ஆனால் முன்பு 5 பேர் இருந்தாலே பொருந்திய சட்டம், இப்போது 10 பேர் இருந்தால்தான் பொருந்தும். நம்ம ஒரு ஏக்கர் வயல் இந்தக் கணக்கில் எங்கே வரப்போகிறது?

ஆள் பற்றாக்குறைக்கு மத்திய அரசு கண்ட மருந்து வேறு. 100 நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டத்தில், நாளை 125 ஆக்கிவிட்டு, விதைப்பு அறுவடைக் காலத்தில் 60 நாள் அந்த வேலையை நிறுத்தவும் வழி வைத்தார்கள். "100 நாள் வேலையாலதான் ஆளு கிடைக்கல" என்று நம்மில் சிலர் பேசியதைப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளூர் ஏழையின் சோற்றை நிறுத்தினால் நம் வயல் விளையுமா? ஊரு ரெண்டு பட்டால் கூத்தாடிக்குத்தான் கொண்டாட்டம். நெல்லுக்குக் கட்டுபடியான விலை கிடைத்தால் நல்ல கூலி கொடுப்போம். நல்ல கூலி கொடுத்தால் உள்ளூர் ஆளும் வருவார், வெளியூர் ஆளும் நிற்பார்.

ஆகவே மத்திய, மாநில அரசுகளை வற்புறுத்துகிறோம்:

வரும் தொழிலாளியை ஊராட்சி அலுவலகத்திலேயே, வந்த அன்றே, கட்டணமில்லாமல் பதிவு செய்!

கோட்டா கதை பேசாமல், உச்சநீதிமன்றம் சொன்ன ரேஷன் கார்டை உடனே கொடு!

வயலில் அடிபடும் எந்த மாநிலத் தொழிலாளிக்கும் அரசுச் செலவில் விபத்துக் காப்பீடு வழங்கு!

ஏஜெண்டு இல்லாமல் விவசாயியும் தொழிலாளியும் நேரடியாகப் பேச, நடவு அறுவடைக் காலத்தில் வட்டாரம்தோறும் வேலைப் பதிவு மையம் திற!

விவசாயிகளே! கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். தொழிலாளியையும் கூட அழைத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். நட்டவனும் வாழணும், நிலத்துக்காரனும் வாழணும். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் எந்த அரசாங்கமும் காது கொடுத்தே ஆக வேண்டும்!