ஊசி போட்டும் ரத்தம் நிற்கவில்லையா?

"வைத்தியரே, பயலுக்கு முட்டு வீங்கிக் கிடக்கு. கொஞ்சம் எண்ணெய் போட்டுத் தடவி விடுங்க!"

நாஞ்சில் நாட்டில் இன்றும் கேட்கிற குரல்தான் இது. வர்ம ஆசான்களின் தடவு முறையை நம்பும் ஊர். நானும் சித்த மருத்துவன்தான். ஆனாலும் கை வைக்கும் முன் கேட்பேன்: "அடிபட்டா ரத்தம் லேசில் நிற்காதா? தாய்மாமன் யாருக்காவது இப்படி உண்டா?" ஆமாம் என்றால் தடவ மாட்டேன். அது ஹீமோஃபிலியாவாக இருக்கலாம். மூட்டுக்குள் ரத்தம் கசியும்போது தடவினால் கசிவு கூடும்.

கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களுக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் எட்டாம் காரணி என்ற புரதம் இல்லை என்றே சொல்லலாம். அதை ஊசியாகப் போடுகிறார்கள். ஆனால் இவர்களில் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, உடம்பு அந்தப் புரதத்தை அந்நியனாக நினைத்து எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிவிடுகிறது. பெரும்பாலும் முதல் 50 நாள் ஊசிக்குள் இது நடக்கும்.

"இங்கிலீஷ் மருந்து பலிக்கலை" என்று அப்போதுதான் சிலர் எங்களிடம் வருகிறார்கள். இது தவறு! செய்ய வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை.

எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியல்ல. லேசாக ஒட்டுபவை ஆரோக்கியமானவர்களிடமும் உண்டு. இறுகப் பிடித்து வேலையைக் கெடுப்பவைதான் ஆபத்து. 1975 முதல் வழக்கில் உள்ள பெதெஸ்டா முறை அந்தக் கெடுதலை அளக்கிறது. நோயாளியின் ரத்த நீரைச் சாதாரண ரத்த நீருடன் சம அளவு கலந்து, 37 டிகிரி சூட்டில் 2 மணி நேரம் வைப்பார்கள். எட்டாம் காரணியில் பாதி செயலிழந்தால் 1 யூனிட். 5 யூனிட்டுக்கு மேல் போனால் வழக்கமான ஊசியை நம்ப முடியாது. அதற்கும் மாற்று உண்டு: ஏழாம் காரணி ஊசி, கசிவு வராமல் தடுக்கத் தோலுக்கடியில் போடும் எமிசிஸுமாப்.

பெற்றோரே, ஆரம்ப மாதங்களில் அடிக்கடியும், பிறகு ஆண்டுக்கொரு முறையும், அறுவை சிகிச்சைக்கு முன்பும் இதைக் கேட்டுச் செய்யுங்கள். யூனிட் எண்ணை நோட்டில் குறித்து வையுங்கள்.

சக வைத்தியர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தப் பிள்ளைகளுக்குத் தடவுதல், அட்டை விடுதல் எதுவும் வேண்டாம். "நான் குணமாக்குகிறேன்" என்றும் சொல்லாதீர்கள். உடனே ரத்தவியல் மருத்துவரிடம் அனுப்புவதே நாம் செய்யும் நல்ல வைத்தியம்.