பெயரில்லாத பெருமாட்டி

இலண்டனில் 1792 முதல் 1800 வரை பகுதி பகுதியாக ஒரு படத்தொகுப்பு வெளியாயிற்று. எட்டாம் ஹென்றி மன்னரின் அரசவையைச் சார்ந்த ஆண்களும் பெண்களும் எண்பதுக்கும் மேற்பட்ட படங்களில் அதில் இடம்பெற்றிருந்தனர். பெரும்பாலானோருக்குப் பெயர் உண்டு. பதவியும் குலமும் உண்டு. ஆயினும், பக்கங்களைப் புரட்டுகையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பெண்முகங்கள் எதிர்ப்படும். அவர்கள் யாரென்று எவரும் அறியார்.

மூலச் சித்திரங்களைத் தீட்டியவர் ஹான்ஸ் ஹோல்பைன் என்னும் ஜெர்மானியர். ஹென்றியின் அரசவை ஓவியராயிருந்து 1543இல் இலண்டனில் இறந்தார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதிரில் அமர்ந்தவரின் முகத்தை வண்ணச் சுண்ணக்கோலால் விரைந்து வரைவார். ஆடை வெல்வெட்டா, பட்டா, என்ன நிறம் என்பனவற்றைச் சில தாள்களின் ஓரத்தில் தம் மொழியில் குறித்துக்கொள்வார். பின்னர் வண்ண ஓவியம் தீட்டும்போது அக்குறிப்பு தேவைப்படும். துணியின் பெயரை எழுதிய அந்தக் கை, அதனை உடுத்தியிருந்தவளின் பெயரை எழுதவில்லை. அன்று அவளை எல்லோருக்கும் தெரியும். எழுதுவானேன் என்று நினைத்திருப்பார் போலும்!

பெயர்கள் பிற்பாடு வந்தவை. இளவரசர் எட்வர்டின் ஆசிரியராயிருந்த ஜான் சேக் என்பவர் அடையாளங் கூறினார் என்றும், 18ஆம் நூற்றாண்டில் அவை தாள்களின் மீது எழுதப்பட்டன என்றும் கூறுவர். சேக் அப்பதவிக்கு வந்தது 1544இல். ஓவியர் மறைந்து ஓராண்டு கழிந்திருந்தது. பல பெயர்கள் சரியாகவே இருக்கின்றன. சில, பிழை.

ஒரு தாளில் 'மதர் ஜாக்' என்று காணப்படுகிறது. இளவரசரின் செவிலித்தாய் என்று அதற்குப் பொருள் கொண்டனர். செதுக்குப் படமும் அப்பெயரையே சுமந்தது. ஆனால், அறிஞர் தாமஸ் மோரின் குடும்பத்தை ஹோல்பைன் வரைந்த வேறொரு சித்திரம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கிறது. அதில் ஒவ்வொருவர் அருகிலும் பெயரும் வயதும் எழுதப்பட்டுள்ளன. அதே முகத்தின் அருகே இருந்த பெயர் மார்கரெட் கிக்ஸ். மோர் தம் மகளாகவே வளர்த்த பெண். கிரேக்கமும் மருத்துவமும் கற்றவர். 1537இல் சிறையில் பட்டினி கிடந்த துறவிகளுக்குப் பால்காரி வேடத்தில் சென்று உணவூட்டினார் என்பர். இத்தகைய மாதரசியை ஒரு தவறான பெயர் நெடுங்காலம் மூடி வைத்திருந்தது! பெயரே இல்லாதிருந்தால், யாரேனும் முன்னரே தேடியிருக்கக்கூடும் அல்லவா? தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைத்தவர்களையே நான் மெச்சுவேன்.

செதுக்கியவர் பார்த்தலோசி என்னும் இத்தாலியர். செப்புத் தகட்டில் புள்ளி புள்ளியாய்க் குத்தி மென்னிழல் எழுப்புவதில் பெரும்புகழ் பெற்றவர். எனினும், ஹோல்பைனின் கோடுகளில் இருந்த கூர்மையை அவர் தம் காலத்து ரசனைக்கேற்ப இளக்கிவிட்டார். ஆக, பெயரிழந்த பெண்கள் முகத்திலும் சற்று இழந்தே நம்மிடம் வந்து சேர்ந்தனர்.

மார்கரெட்டுக்குப் பாசலில் ஒரு தாள் இருந்தது. மற்றப் பெண்களுக்கு அது வாய்க்கவில்லை. மூலச் சித்திரங்கள் இன்று விண்ட்சர் கோட்டையில் உள்ளன. அவர்களுக்குரிய பதிவில் 'அறியப்படாத பெண்' என்றே இருக்கிறது.