லோகெய்னைக் கொன்றவர்களுக்கும் விட்டவர்களுக்கும்

துரோகியைக் கொல்லவா, விடவா என்று கேட்டால் எங்கட செட்டில் பாதிப் பேர் ரெண்டு செக்கன்ல பதில் சொல்லிருவாங்க. நான் சொல்றது டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் கேமில் வருகிற லோகெய்னைப் பற்றி. பயோவெயர் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட கேம். பழசுதான். ஆனா பழைய லெப்டொப்பிலயும் ஓடும், அதனால கம்பஸ் ரூம்களில் இன்னும் சாகல்ல. லோகெய்ன் சண்டையும் சாகல்ல.

விளையாடாதவங்களுக்காக கதையைச் சுருக்கமாகச் சொல்றேன். ஃபெரெல்டன் என்றொரு நாடு. தரைக்கு அடியிலிருந்து அரக்கப் படை ஒன்று கிளம்பி வருகுது. ஒஸ்டகார் என்ற இடத்தில் பெரிய யுத்தம். கோபுரத்தில் தீ எரிந்ததும் தளபதி லோகெய்ன் தன் படையோடு பக்கவாட்டில் பாய வேண்டும் என்பது திட்டம். தீ எரியுது. லோகெய்ன் பார்க்கிறான், படையைத் திருப்பிக்கொண்டு போயிடுறான். இளம் ராஜா கெய்லன் சாகிறான். உங்களைப் படையில் சேர்த்த கிரே வார்டன் தலைவர் டங்கனும் சாகிறார். கேமின் கடைசிப் பகுதியில், லேண்ட்ஸ்மீட் என்ற பிரபுக்கள் சபையில், லோகெய்ன் தோற்று உங்கட காலடியில் நிற்கிறான். அவன் மகள் அனோரா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உங்கட நண்பன் அலிஸ்டெயர் "கொல்லு" என்கிறான். இன்னொருவர் "இவனையும் வார்டன் ஆக்குவம், அரக்கப் படையோட மோத ஆள் தேவை" என்கிறார். நீங்க விட்டால் அலிஸ்டெயர் உங்களை விட்டுப் போயிடுவான். கொன்றால் லோகெய்ன் கதை அதோட முடியும்.

இதில ரெண்டு கட்சி இருக்கு. கொல்லுற கட்சி சொல்லும்: "துரோகிக்கெல்லாம் என்ன மச்சான் மன்னிப்பு? ராஜாவ விட்டுட்டு ஓடினவன்." மன்னிக்கிற கட்சி சொல்லும்: "அவன்ட பக்கமும் இருக்குடா. நாட்ட அந்நியர்ட கையில இருந்து மீட்டவன் அவன்தான். தோத்துப்போன யுத்தத்தில மிச்சப் படையையாவது காப்பாத்தினான்." பிறகு இந்தக் கட்சி ஒரு பெருமையோட சேர்க்கும்: "விட்டுப் பாரு, கடைசியில அவனே உயிரக் குடுத்து நாட்டக் காப்பாத்துவான்." அப்படி ஒரு முடிவும் கேமில் இருக்கு, உண்மைதான்.

நான் ரெண்டு கட்சிக்கும் எதிரி. ரெண்டு பேரும் கடைசிப் பட்டனைப் பற்றியே அடிபடுறாங்க. அந்தப் பட்டன் கைக்கு வர முதல் கேமில் என்ன நடந்தது என்று ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

அந்தக் கதையில் முதலில் துரோகிப் பட்டம் கிடைப்பது லோகெய்னுக்கு இல்லை. உங்களுக்குத்தான்.

ஒஸ்டகார் முடிந்த கையோடு லோகெய்ன் நாடு முழுக்க அறிவிக்கிறான்: ராஜாவைக் காட்டிக்கொடுத்தவர்கள் கிரே வார்டன்கள். உயிர் தப்பின வார்டன்கள் நீங்களும் அலிஸ்டெயரும்தான். உங்கட தலைக்கு விலை. போகிற ஊரில் சாராயக்கடையில் இருக்கிற படையாட்கள் உங்களைத் தேடுறாங்க. வழியில் கூலிக்கொலைகாரன் வருகிறான். உங்களை யாரும் விசாரிக்கவில்லை. "கோபுரத்துத் தீயைப் பிந்தி ஏத்தினது ஏன்?" என்று கேட்டிருந்தால் சொல்ல உங்களுக்கு நல்ல பதில் இருந்தது: கோபுரம் முழுக்க அரக்கர்கள், ஒவ்வொரு மாடியாக அடிச்சு ஏற வேண்டியிருந்தது. கேட்க ஆள் இல்லை.

அந்தப் பட்டத்திலிருந்து நீங்க எப்படித் தப்பினீங்க? லேண்ட்ஸ்மீட்டில் எழும்பி நின்று பேச விட்டாங்க. அடிமை வியாபாரம், நஞ்சு வைத்தது, பிரபு ஒருவரின் மகனைச் சித்திரவதை செய்தது என்று லோகெய்ன் பக்கத்துக் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சபைக்கு முன்னால் வைத்தீங்க. அவனும் பதில் பேசினான். ஆட்கள் கேட்டாங்க, வாக்குப் போட்டாங்க. அது ஒழுங்கான நீதிமன்றம் இல்லை. பணக்காரப் பிரபுக்களுக்கு மட்டும்தான் வாக்கு, கடைசியில் முடிவு வாள்ச்சண்டையில்தான். ஆனாலும் ஒரு சபை இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவனின் வாய் திறந்திருந்தது. அந்த ஒரு மணித்தியாலம் இல்லாட்டி லோகெய்ன் தேசபக்தன், நீங்க செத்துப்போன துரோகி.

இப்ப எங்கட நாட்டுக்கு வருவம். இலங்கையில் நீதிமன்றத் தீர்ப்பின்படி கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1976 ஜூனில். அதுக்குப் பிறகு அரசு சட்டப்படி ஒருத்தரையும் தூக்கவில்லை. ஆனா அதே காலத்தில் துரோகி என்று சொல்லிச் செத்தவர்களை எண்ணிப் பாருங்க.

1975 ஜூலை 27, யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலைப் பெருமாள் கோயிலடியில் சுடப்பட்டார். சுட்ட கைக்கு முதல் ஒரு சொல் வந்துவிட்டது. தமிழ்த் தேசிய மேடைகள் அவரைத் துரோகி என்று எத்தனையோ தடவை சொல்லி முடித்திருந்தன. ஏறத்தாழ 14 வருசம் கழித்து, 1989 ஜூலை 13, அந்த மேடைகளின் பெரிய பேச்சாளர் அமிர்தலிங்கம் கொழும்பில் சுடப்பட்டார். அவருக்கும் அதே சொல். இடையில் 1986இல் டெலோ இயக்கப் பொடியன்மார் நூற்றுக்கணக்கில் சக தமிழ் இயக்கத்தின் கையால் செத்தாங்க. 1989 செப்டெம்பர் 21, யாழ் மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். ஆயுதம் வைத்திருந்த எல்லாத் தரப்பையும் விமர்சித்து எழுதினது அவர் செய்த வேலை. 1994இல் புலிகளின் பிரதித் தலைவராக இருந்த மாத்தையாவே இந்திய உளவாளி என்று கொல்லப்பட்டார். சொல்லைக் கண்டுபிடித்தவன், பாவித்தவன், தூக்கிப்பிடித்தவன் என்று அது ஆளாளாகத் தின்றுகொண்டு போனது.

தெற்கிலும் இதே கதைதான். இந்திய இலங்கை ஒப்பந்தத்தை ஆதரித்தார் என்று நடிகர் விஜய குமாரதுங்க 1988 பெப்ரவரி 16 அன்று அவருடைய வீட்டு வாசலில் கொல்லப்பட்டார். கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஸ்டான்லி விஜேசுந்தர 1989 மார்ச் 8 அன்று தன் அலுவலகத்திலேயே சுடப்பட்டார். அந்தக் காலத்து ஜே.வி.பி.யின் ஆயுதப் பிரிவு தன்னைத் தேசபக்த இயக்கம் என்று அழைத்தது, ஆகவே எதிரில் நின்றவன் எல்லாம் துரோகி. பிறகு அரசு திருப்பி அடித்தது. 1989 நவம்பரில் ரோகண விஜேவீர உயிரோடு பிடிபட்டார், நீதிமன்றம் காணாமலே செத்தார். லேண்ட்ஸ்மீட் யாருக்குமே கிடைக்கவில்லை.

எங்களுக்கு, முஸ்லிம்களுக்கு, அந்தச் சொல் மொத்தமாகவே வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் விரட்டப்பட்டாங்க. யாழ்ப்பாணத்தில் கொடுத்த நேரம் 2 மணித்தியாலம். காட்டிக்கொடுக்கிற கூட்டம் என்றுதான் கதை. பால்குடிப் பிள்ளை யாரைக் காட்டிக்கொடுத்தது? கிழக்கில் அதே வருசம் ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஏறாவூர், இந்தப் பக்கம் வீரமுனை. வீரமுனையில் செத்தது தமிழ் சனம், அதில் எங்கட ஊர்காவல் படைக்கும் கை இருந்தது என்று சொல்லப்படுவதை நாங்க முணுமுணுத்துக் கடக்கிறம். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதியாக இருந்த 158 தமிழர்களைப் படையினர் கொண்டுபோனாங்க, ஒருத்தரும் திரும்பல்ல. ஒருத்தரைப் பிடித்து இவன் அவன்ட ஆள் என்று முடிவெடுக்க அந்த வருசத்தில் ஒரு பேரும் ஒரு மொழியும் போதுமாக இருந்தது.

"சரி, அப்ப உண்மையான துரோகியே கிடையாதா? ஆள் காட்டி ஆட்களக் கொல்லக் குடுத்தவன் இல்லையா?" என்று கேட்பீங்க. இருக்கான். சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் வாழ்ந்தவர்களிடம் "தலையாட்டி" என்று சொல்லிப் பாருங்க, முகம் மாறும். சாக்கால் முகம் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டு, ஆமி உட்கார வைத்திருக்கிற ஆள். வரிசையில் போகிறவனைப் பார்த்து அவன் தலையாட்டினால் உள்ளுக்கு, ஆட்டாவிட்டால் வீட்டுக்கு. அவன் காசுக்கு ஆட்டினானா, பழிக்கு ஆட்டினானா, அடி தாங்காமல் ஆட்டினானா? சாக்குக்கு உள்ளே இருந்தவனை ஒருத்தரும் கேட்கவில்லை. பிறகு இவன்தான் அவன் என்று சந்தேகப்பட்டு ஒருத்தனைக் கொன்றால், கொன்றவன் செய்ததும் தலையாட்டி வேலைதான்.

இன்னொன்றும் இருக்கு. 2019 ஈஸ்டர் ஞாயிறில் 250 பேருக்கு மேல் செத்த பிறகு, ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் புதுசாக வாடகைக்கு வந்தவர்களைப் பற்றி ஊர்ச் சனமே தகவல் கொடுத்தது. அந்த வீட்டில் குண்டு வெடித்தது, பிள்ளைகளும் செத்தாங்க. தகவல் கொடுத்தவங்களை நாடு பாராட்டியது. அந்த வீட்டுக்குள் இருந்தவங்களுக்கு அவர்கள் சமூகத் துரோகிகள். செயல் ஒன்று, பேர் ரெண்டு. துரோகி என்ற சொல் ஒருத்தன் என்ன செய்தான் என்று சொல்லுறதில்லை. அவன் எங்கட பக்கமா இல்லையா என்று மட்டும்தான் சொல்லுது. அதனாலதான் அந்தச் சொல்லை வைத்து விசாரிக்க ஏலாது. குற்றத்தை வைத்துத்தான் விசாரிக்கலாம்.

எங்களுக்கு இதைப் படிக்க வெளிநாட்டுக் கேம் தேவையே இல்லை. ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரழி) அவர்களின் சம்பவத்தை மத்ரஸாவில் கேட்டிருப்பம். மக்காவை நோக்கிப் படை புறப்படப் போகிற ரகசியத்தை அவர் குறைஷிகளுக்குக் கடிதமாக எழுதி ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். கடிதம் வழியில் பிடிபட்டது. அவருடைய கையெழுத்தேதான், சந்தேகமே இல்லை. உமர் (ரழி) அவர்கள் தலையை எடுக்க அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் முதலில் செய்தது என்ன? ஏன் இப்படிச் செய்தாய் என்று அவரிடமே கேட்டார்கள். மக்காவில் விட்டு வந்த குடும்பத்துக்குப் பாதுகாப்பில்லை என்று அவர் சொன்னார். அதை உண்மை என்று ஏற்றார்கள், அவர் பத்ரில் நின்றவர் என்பதையும் நினைவுபடுத்தினார்கள். நாங்க இதை மன்னிப்புக்கு உதாரணமாக மட்டும் சொல்லிப் பழகிட்டம். மன்னிப்புக்கு முதல் ஒரு கேள்வி இருந்தது. ஆதாரம் கையில் இருந்தும் கேட்கப்பட்ட கேள்வி.

மன்னிக்கிற கட்சிக்காரங்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். விசாரிக்காமல் மன்னிக்கிறதும் தீர்ப்புத்தான். "நீ துரோகிதான், ஆனாலும் நான் நல்லவன், போ" என்று விட்டால், அவன் சாகும்வரை அந்தப் பட்டத்தோட அலைவான், நீங்க பெரிய மனசுக்காரர் ஆவீங்க. லோகெய்னை விட்டவர்களில் எத்தனை பேர் அவன் சொன்னதைக் கேட்டு விட்டீங்க, எத்தனை பேர் கடைசி யுத்தத்துக்கு நல்ல வாள்க்காரன் தேவை என்று விட்டீங்க? இயக்கங்களும் அரசுகளும் இப்படித்தான் ஆட்களை விட்டார்கள், பயன் இருக்கிற வரைக்கும்.

"அது வெறும் கேம்தானே" என்கிறவர்களுக்கு: ஓம், கேம்தான். லோகெய்னைக் கொன்றதால் யாரும் கொலைகாரன் ஆகிறதில்லை. எனக்குப் பயம் கேமில் இல்லை. அந்தக் கேமை மூடிட்டு ஃபேஸ்புக்கைத் திறக்கிற அதே விரலில்தான். எலெக்ஷன் வந்தால், வேற கட்சிக்கு வாக்குக் கேட்டவன் சமூகத் துரோகி. காணிப் பிரச்சினையில் மற்ற இனத்தாரோட உட்கார்ந்து பேசினவன் துரோகி. ஜமாஅத் மாறினவன் துரோகி. கேமில் குற்றத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, சபை கூடின பிறகுதான் பட்டன் வருது. கமெண்டில் சபையும் இல்லை, ஆதாரமும் இல்லை, பட்டன் மட்டும் இருக்கு. சரியாகச் சொன்னால் லேண்ட்ஸ்மீட்டை வெட்டி எறிஞ்ச கேமைத்தான் நாங்க ஃபோனில் விளையாடுறம்.

அந்தச் சொல்லை டைப் பண்ண முதல் மூன்று கேள்வி கேளுங்க. என்ன செய்தான்? யார் பார்த்தது? அவன் என்ன சொல்றான்? மூன்றாவதுக்குப் பதில் தெரியாட்டி ஃபோனை வையுங்க.

2006 செப்டெம்பர் 17. பொத்துவிலிலிருந்து இறத்தல்குளத்தில் கூலி வேலைக்குப் போன 10 முஸ்லிம்கள் வெட்டிக் கொல்லப்பட்டாங்க. அரசு புலிகள் என்றது. புலிகள் இல்லை என்றார்கள். ஊரில் பலர் விசேட அதிரடிப் படையைக் கைகாட்டி ஆர்ப்பாட்டம் செய்தாங்க. ஜனாதிபதி ஆணைக்குழு விசாரிக்க எடுத்த 16 சம்பவங்களில் இதுவும் ஒன்று. 2009இல் ஆணைக்குழு முடிந்தது, செய்தவன் இன்னார் என்று எந்த நீதிமன்றமும் இதுவரை சொல்லவில்லை. இன்றைக்கும் தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதை எழும்பினால், ஒரு பக்கத்தைச் சொல்றவன் இவங்கட ஆள், மறு பக்கத்தைச் சொல்றவன் அவங்கட ஆள். துரோகியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு நிமிசம் போதும். கொலைகாரனைக் கண்டுபிடிக்க இத்தனை வருசம் போதவில்லை. அந்தப் பத்து வீட்டுக்காரரும் கேட்பது யாருடைய தலையையும் இல்லை. ஒரு விசாரணை, அவ்வளவுதான்.