பையில் நாய் படம் போட்டால் போதுமா?

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். ஆனால் அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலம் வந்துவிட்டால், உப்பு மூட்டை மூட்டையாகப் போவது வாசலுக்குத் தான். பனி உறைந்து கண்ணாடி போல ஆகிவிட்ட நடைபாதையில் யாரும் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று தூவுகிறார்கள். நல்ல நோக்கம் தான். ஆனால் அதே பாதையில் செருப்பு, ஷூ எதுவும் இல்லாமல் ஒரு ஜீவன் தினமும் இரண்டு வேளை நடக்கிறது. அது தான் வீட்டு நாய்.

உப்பு என்ன செய்கிறது?

தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். அதில் உப்பு கலந்தால் அதற்கும் கீழே போனால் தான் உறையும். சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, சுமார் மைனஸ் 9 டிகிரி வரை பயன்படும். அதற்கும் கீழே போனால் கால்சியம் குளோரைடு போடுகிறார்கள். இது சுமார் மைனஸ் 29 டிகிரியிலும் வேலை செய்யும். ஆனால் ஈரம் பட்டவுடன் சூட்டை வெளிவிடும். அந்தக் கல் நாயின் ஈர விரல்களுக்கு நடுவே சிக்கிக் கொண்டால் என்ன ஆகும்? தோல் எரியும், வெடிக்கும், புண்ணாகும்.

வீட்டுக்கு வந்ததும் நாய் காலை நக்கும். வெளியே போய் வரும் பூனையும் அப்படித் தான். கொஞ்சம் உள்ளே போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு. நிறையப் போனால் இரத்தத்தில் சோடியம் ஏறி நடுக்கம், வலிப்பு வரை போகும். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் உப்பு போனாலே நோய்க்குறிகள் தெரியலாம், 4 கிராம் போனால் உயிருக்கே ஆபத்து. 5 கிலோ நாய்க்கு 10 கிராம் என்பது இரண்டு டீஸ்பூன் கூட இல்லை! பாதத்தை நக்குவதால் மட்டும் இந்த அளவு போவது அரிது. கார் ஷெட்டில் வாய் திறந்து கிடக்கும் உப்புப் பை தான் பெரிய ஆபத்து.

லேபிளை நம்பலாமா?

இங்கே தான் வியாபாரம் நுழைகிறது. "செல்லப் பிராணிகளுக்குப் பாதுகாப்பானது" என்று எழுதி, ஒரு நாய் படமும் போட்டு, சாதாரண உப்பை விடப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அந்த வார்த்தைக்கு அமெரிக்காவில் பொதுவான சட்ட வரையறை கிடையாது. ஒரு பையில் யூரியா இருக்கும், இன்னொன்றில் மக்னீசியம் குளோரைடு, வேறொன்றில் கால்சியம் மக்னீசியம் அசிடேட். சிலவற்றில் பழைய உப்பே வேறு பொருளோடு கலந்திருக்கும். யூரியா பாதத்தை அவ்வளவாக எரிக்காது என்பது உண்மை. ஆனால் கடுங்குளிரில் அது சரியாக வேலை செய்யாது. அது ஒரு உரம் என்பதால் உருகி ஓடிப் போய் ஏரியில் பாசியை வளர்க்கும்.

ஆக, "பாதுகாப்பானது" என்றால் "மற்றதை விடக் கொஞ்சம் பரவாயில்லை" என்று தான் அர்த்தம். வாங்குபவரோ, பாதுகாப்பானது தானே என்று இரண்டு கை அதிகமாக அள்ளிப் போடுகிறார். பயம் போன இடத்தில் அளவும் போய்விடுகிறது.

அளவு தான் விஷயம்

உண்மையில் எவ்வளவு தேவை? மினசோட்டா மாநிலத்தில் மக்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் கணக்கு எளிமையானது. சுமார் 350 மில்லி பிடிக்கும் ஒரு காபி குவளை உப்பு, 20 அடி நீள கார் பாதைக்குப் போதும். முதலில் மண்வெட்டியால் பனியை அள்ள வேண்டும். மிச்சமிருக்கும் பனிக்கட்டி தரையை விட்டுப் பிரிந்து வரத் தான் உப்பு. பனி முழுவதையும் உப்பே உருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. காய்ந்த பிறகு கிடக்கும் கற்களைப் பெருக்கி எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். உப்பு வேலை செய்யாத குளிரில் மணல் தூவினால் கால் வழுக்காது.

பிறகு ஏன் மூட்டையாகக் கொட்டுகிறார்கள்? வழக்குப் பயம்! மினியாபொலிஸ் நகரில் பனி பெய்து முடிந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் தன் நடைபாதையைச் சுத்தம் செய்தாக வேண்டும். கடைகள் முன்னாலும் யாராவது விழுந்தால் நஷ்டஈடு கேட்பார்கள். உப்பின் விலை குறைவு, வழக்கின் செலவு அதிகம். அதனால் ஒப்பந்தக்காரர் கொட்டுகிறார். ஆனால் அந்தக் கணக்கில் நாயின் பாதமும் இல்லை, ஓடையின் மீனும் இல்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2013-ல் இதற்கு ஒரு வழி கண்டது. பயிற்சி பெற்று, சான்றிதழ் வாங்கி, முறைப்படி உப்பு போடும் ஒப்பந்தக்காரருக்கு வழுக்கி விழும் வழக்குகளிலிருந்து சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. பயத்தைக் குறைத்தால் உப்பு குறையும் என்ற யோசனை.

"மனிதனின் இடுப்பு எலும்பை விட நாயின் பாதம் பெரிதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு குவளை போட்டால் போதும் என்ற இடத்தில் பத்துக் குவளை போடுவதால் யாருடைய இடுப்பும் கூடுதலாகப் பிழைப்பதில்லை.

நாய் வளர்ப்பவர் கடமை

நடந்து வந்ததும் வெதுவெதுப்பான நீரில் பாதம், விரலிடுக்கு, வயிற்றுப் பகுதி எல்லாம் கழுவித் துடைக்க வேண்டும். நாய் பழகிக் கொண்டால் அதற்கென்று விற்கும் காலுறை நல்லது. இல்லாவிட்டால் கிளம்பும் முன் பாதத்தில் வாசலின் தடவலாம். வழியில் உருகிக் கிடக்கும் தண்ணீரைக் குடிக்க விடக் கூடாது. உப்பை மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். தின்றுவிட்டால் காத்திருக்காமல், பையையும் கையில் எடுத்துக் கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டுமே!

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் இதைத் தான். பையின் முன்பக்கத்தில் நாய் படத்துக்குப் பதிலாக மூன்று விவரங்களை அச்சிடட்டும். என்ன ரசாயனம், எந்தக் குளிர் வரை வேலை செய்யும், எத்தனை சதுர அடிக்கு எவ்வளவு போட வேண்டும். அதைப் படித்து வாங்கும் வீட்டின் நாய் நிம்மதியாக நடக்கும்.