வன உரிமைக் குழு: காகிதத்திலா, களத்திலா?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஆட்சியாளர்கள் அளித்த கொடையன்று. மக்கள் போராடிப் பெற்றது. நிலத்திற்கும் காட்டிற்குமான உரிமையை நிர்ணயிக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபையுடையது. அச்சபை தேர்ந்தெடுக்கும் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவில் குறைந்தது மூன்றில் இரு பங்கினர் பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும்.

மனுக்களைப் பெற்று ஒப்புகை அளித்தல், நிலத்தை நேரில் கண்டு சரிபார்த்தல், வரைபடம் தயாரித்தல், அறிக்கையைச் சபைமுன் வைத்தல் ஆகியவை குழுவின் கடமைகள். தம் சொந்த மனு பரிசீலனைக்கு வரும்போது உறுப்பினர் விலகி நிற்க வேண்டும். தீர்மானம் இயற்றுவது சபையே, குழு அன்று.

ஆயினும் பல ஊர்களில் குழு காகிதத்தில் மட்டுமே உள்ளது. பெண் உறுப்பினரின் பங்கு கைநாட்டோடு முடிகிறது. வனத்துறை சொல்வதே அறிக்கையாகிறது. இதன் விலை பெரிது. மனு நிராகரிக்கப்பட்டோரை வெளியேற்றுமாறு 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; மக்களின் எதிர்ப்பு வலுத்த நிலையில் அதே மாதத்தில் அதனை நிறுத்திவைத்து, நிராகரிப்பில் உரிய நடைமுறை பின்பற்றப்பட்டதா என மாநிலங்களைக் கேட்டது.

தோழர்களின் கடமை குழுவின் இடத்தில் தாம் அமர்வதன்று. மூத்தோர் வாக்குமூலமும் சான்றே என மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். பதிவேட்டை உறுப்பினர்களே எழுதப் பயிற்றுவிக்க வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று, 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யத் துணைநிற்க வேண்டும். போராட்டம் வென்ற உரிமையை அன்றாடக் குழுப் பணியே காக்கும்.