கூத்து வாத்தியாருக்கு அயல்நாட்டு மாணவர்

பங்குனி பிறந்துவிட்டால் உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரத விழா தொடங்கிவிடும். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு களரியில் கூத்து. படுகளமும் தீமிதியும் முடிகிறவரை பத்து, பதினைந்து நாள் ஊர் சரியாகத் தூங்காது. வேடம் கட்டுகிறவர்களிலும் பின்பாட்டுப் பாடுகிறவர்களிலும் இளவட்டங்கள் சிலர் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிக்கொண்டு, ஒரகடத்துக்கோ செய்யாறு சிப்காட்டுக்கோ போகும் கம்பெனிப் பேருந்தில் ஏறுகிறார்கள். அங்கே அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இரவு முழுக்கத் துரியோதனனாக நின்று பாடியவர் என்பது சூப்பர்வைசருக்குத் தெரியாது. தெரிந்தாலும் விடுப்பு கிடைக்காது.

இவர்களைப் போன்ற வசதியற்ற இளைஞர்களுக்கு இசைக் கல்வி என்று பேச்சு எடுத்தால் நமக்கு முதலில் தோன்றுவது மேற்கத்திய வாத்தியக் குழுதான். வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய ‘எல் சிஸ்தேமா’, ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் வயலினையும் டிரம்பெட்டையும் கொடுத்து அவர்களை உலக மேடைகள் வரை அழைத்துச் சென்றது. பல நாடுகள் அதைப் பார்த்து நடந்தன. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் அறக்கட்டளை நடத்தும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி மேற்கத்திய இசை கற்றுத்தருகிறது. நல்ல காரியம். வெனிசுவேலாவைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த இயக்கம் சமூகத்தையே மாற்றிவிட்டதாகச் சொல்லப்பட்ட கதைகளை, 2014இல் வந்த ஜெஃப்ரி பேக்கரின் நூல் கடுமையாகவே கேள்வி கேட்டது.

எனக்குள்ள சங்கடம் வேறு. உத்திரமேரூர் பக்கத்து இளைஞரிடம் இசை இல்லை என்று எடுத்துக்கொண்டு புறப்படும் திட்டம் முதல் அடியிலேயே வழி தவறுகிறது. இசை அவரிடம் இருக்கிறது; அதற்கு உரிய கூலியும் மரியாதையும்தான் வந்துசேரவில்லை. பன்னாட்டுப் பரிமாற்றம் என்ற பெயரில் ஒன்று நடக்குமானால், அதில் யார் வாத்தியார், யார் மாணவர் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

கூத்தில் ஆடுகிறவரேதான் பாட வேண்டும். கண்ணாடிச் சில் பதித்த மரக் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று உடம்பெங்கும் கட்டைச் சாமான் ஏறியிருக்கும். கிறுக்கி சுற்றிவிட்டு, மூச்சு வாங்காமல் விருத்தத்தை எடுக்க வேண்டும். பிறகு தரு, வசனம். சுருதியோ உச்சத்தில் இருக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்க வேண்டும் என்று ஏற்றிவைத்த சுருதி அது, இன்றும் இறங்கவில்லை. அந்த உயரத்துக்குத் துணைபோவது முகவீணை. நாகசுரத்துக்குத் தம்பி போலச் சின்னதாக இருக்கும். சத்தம் மட்டும் சின்னதல்ல. ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம் எல்லாம் சேர்ந்து, ஆட்டக்காரர் அன்று எந்த இடத்தில் நீட்டுவார், எங்கே வெட்டுவார் என்று பார்த்து அவரோடு ஓடும். கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து ஊர்த் தலைவரைக் கிண்டல் செய்தால் அதற்கும் இடம்விட வேண்டும். இதை எழுதிவைத்துப் படிக்க முடியாது. களரியில் இரவிரவாக உட்கார்ந்தால்தான் வரும். முகவீணை வாசிக்கிறவர்கள் இன்று அரிதாகிவிட்டார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும்.

கட்டைக்கூத்து என்றும் சொல்லப்படும் இந்தக் கலையைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துக் கற்றுத்தர முடியுமா என்ற கேள்விக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரு விடை இருந்தது. சிறுவயதிலேயே படிப்பை விட்டு அப்பாவின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர் பெருங்கட்டூர் பி.இராஜகோபால். 1990இல் கலைஞர்கள் கூடி அமைத்த கட்டைக்கூத்துச் சங்கத்தின் முன்னோடி அவர். நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்காக வந்த ஹன்னே டி புருயின் அவரை மணந்து இங்கேயே தங்கிவிட்டார். லெய்டன் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் வாங்கியது கட்டைக்கூத்தை ஆராய்ந்துதான். இருவரும் சேர்ந்து 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கினார்கள். கூத்துக்குப் போனால் படிப்பு போகும், படிக்கப் போனால் கூத்து போகும் என்றிருந்த நிலையை உடைப்பதுதான் நோக்கம். கிராமத்து ஏழைப் பிள்ளைகள் ஒரே வளாகத்தில் தங்கிப் பள்ளிப் பாடமும் படித்தார்கள், அடவும் பாட்டும் பழகினார்கள். ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த கலையில் பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் வளர்ந்து தொழில்முறைக் கலைஞர்களாகவே களரி ஏறினார்கள். ஒரு பெண் இரவெல்லாம் கூத்தாடுவதா என்று முகம் சுளித்த ஊர்களில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தப் பக்கத்துக்காரர்களிடம் கேட்டால் தெரியும்.

வெளிநாட்டுக் கலைஞர்களும் மாணவர்களும் ஆய்வாளர்களும் அங்கே வந்தார்கள். குருகுலத்தார் வெளிநாட்டு மேடைகளுக்கும் போய்வந்தார்கள். 2017–18இல் கர்நாடக இசைப் பாடகர்கள் டி.எம்.கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் இவர்களோடு ஒரே மேடையில் சேர்ந்து ‘கர்நாடிக் கட்டைக்கூத்து’ நிகழ்த்தினார்கள். இசைச் சபாக்களின் மயிலாப்பூருக்கும் புஞ்சரசந்தாங்கலுக்கும் இடையே எண்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால், ஐரோப்பாவிலிருந்து ஆள் வந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்துத்தான் சபா இசை அங்கே போய்ச் சேர்ந்தது.

குருகுலம் 2020இல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் என்பது ஒரு மாற்றுப் பள்ளிக்குச் சிறிய ஆயுள் இல்லை. என்றாலும் இம்மாதிரி நிறுவனங்களின் பொதுவான பலவீனம் எல்லோரும் அறிந்ததுதான். கொடையாளர்கள் திட்டக் காலத்துக்குப் பணம் தருவார்கள், இரண்டாண்டு, மூன்றாண்டு. ஒரு பாட்டுக்காரர் உருவாகப் பத்தாண்டு ஆகும். இந்த இரண்டு காலக்கணக்கும் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை.

பரிமாற்றம் என்று நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது என்ன? நான்கு நாள் பட்டறை. வந்தவர் ஒரு தாளப் பயிற்சி கொடுப்பார். நம் பிள்ளைகள் ஒரு கும்மியோ பறையாட்டமோ காட்டுவார்கள். கடைசி நாள் இரண்டையும் கலந்து ஒரு நிகழ்ச்சி, குழுப்படம், சான்றிதழ். பிறகு ஒருவருக்கோ இருவருக்கோ விமானப் பயணம். அங்கே போய்க் காட்டுவதும் பத்து நிமிடத் துண்டுதான். எட்டு மணி நேரக் கூத்தை யார் கேட்பார்கள்? திரும்பி வந்த இளைஞர் கொஞ்ச நாள் ஊருக்குள் நாயகனாக இருப்பார். அடுத்த பங்குனிக்கு அவருக்குக் கிடைக்கும் ராத்திரிக் கூலியில் அந்தப் பயணத்தால் ஒரு ரூபாய் கூடியிருக்காது.

எதிர்த்திசையில் நடந்தவையும் உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்து இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன், தலித் பறைக் கலைஞர்களிடம் மாணவியாக உட்கார்ந்து பறை கற்றுக்கொண்டார், ஆவணப்படங்களும் எடுத்தார். தீண்டத்தகாத வாத்தியம் என்று ஊர் ஒதுக்கியதை அடிக்கிறவர், ஒரு பேராசிரியருக்குக் கைப்பாடம் சொல்லித்தருகிறார். ஊரார் பார்வையில் இதனால் ஏதோ ஒன்று அசையத்தான் செய்யும். அவருடைய இன்னொரு படம் திண்டுக்கல் சக்தி கலைக் குழுவைப் பற்றியது. அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய அந்தக் குழுவில் தலித் இளம்பெண்கள் பறை கற்கிறார்கள். கூடவே பிழைப்புக்கான கைத்தொழில்களும்.  நம் கலைஞர் வாத்தியார், வெளியிலிருந்து வருகிறவர் மாணவர்: இந்த வரிசைதான் சரி.

நார்வே அரசின் ‘நோரெக்’ பரிமாற்றத் திட்டத்திலிருந்தும் ஒரு விதியை எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து இளைஞர்கள் வந்தால் இங்கிருந்தும் போக வேண்டும். போகிறவர் சுற்றிப்பார்த்துவிட்டு வருவதில்லை, மாதக்கணக்கில் தங்கி வேலை செய்கிறார். திரும்பியதும் தன்னை அனுப்பிய நிறுவனத்துக்கே அந்த அனுபவத்தைக் கொடுக்கிறார். இந்த ஏற்பாட்டின்கீழ் மலாவி, மொசாம்பிக், பிரேசில் நாடுகளின் இளம் இசைக் கலைஞர்கள் நார்வேயோடு மாறிமாறிப் பணியாற்றியிருக்கிறார்கள். தங்கும் காலம் நீண்டால்தான் கற்பித்தல் என்ற பேச்சுக்கே இடமுண்டு.

நம் அரசிடம் கருவிகள் இல்லாமல் இல்லை. கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் ஒன்று காஞ்சிபுரத்தில் இருக்கிறது. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று மூன்றாண்டுப் படிப்பு. கூத்து மண்ணின் நடுவில் நிற்கும் பள்ளியின் இந்தப் பட்டியலில் கூத்துக்கு இடமில்லை, முகவீணைக்கும் இல்லை. அண்மையில் வந்த பகுதிநேர நாட்டுப்புறக் கலை வகுப்புகள் வரவேற்கத்தக்கவை. ஆனால், வாரத்தில் சில மணி நேரம் வந்துபோவதும் மூன்றாண்டுப் படிப்பும் ஒன்றாகிவிடாது. இன்னொரு பக்கம், இந்தியக் கலாச்சார உறவுகள் கழகம் நம் இசையும் நடனமும் கற்க வரும் அயல்நாட்டவருக்கு உதவித்தொகை தருகிறது. அந்த மாணவர்களில் ஆண்டுக்கு நான்கு பேர் உத்திரமேரூர் வட்டத்துக் கூத்து வாத்தியாரிடம் வந்து சேர எது தடை? வாத்தியாரிடம் பட்டம் இல்லை என்பதாகத்தான் இருக்கும்.

தகுதி பற்றிப் பேச உத்திரமேரூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பராந்தகச் சோழன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் காட்டி, குடவோலை முறையைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஊர் வாரியத்தில் அமர என்ன தகுதி கேட்டது அந்தக் கல்? கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் பயிற்சி. கற்றவர் என்றால் யார் என்பதை அங்கே முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். ஏரி வெட்டியவரும் பறை அடித்தவரும் அந்தக் கணக்கில் வரவில்லை. நம் கல்வித் துறையும் இந்த விஷயத்தில் பெரிதாக நகர்ந்துவிடவில்லை.

மறுப்புகள் வரும். கூத்துக் குழுக்களிலும் சாதி உண்டு; உண்மை. குடி உண்டு, அதுவும் உண்மை. இளைஞர்கள் கீபோர்டும் கானாவும் ராப்பும்தானே கேட்கிறார்கள் என்பார்கள். கேட்கட்டும், வாசிக்கட்டும். விருத்தம் பாடிய தொண்டை ராப்புக்குக் கெட்டுப்போய்விடாது. எல்லோரையும் கூத்துக்குள் தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூத்துக்குள் இருப்பவரை ஒன்றும் தெரியாதவராக நடத்தாதீர்கள் என்கிறேன். வெளிநாட்டுத் தொடர்பு நம் கலையை நீர்த்துப்போகச் செய்யும் என்ற பழைய அச்சமும் எனக்கில்லை. ஆர்மோனியமே அங்கிருந்து வந்ததுதான்.

நடைமுறைக்கு வருவோம். பட்டறைகளை டிசம்பரில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, அயல்நாட்டு மாணவர்களைப் பங்குனி முதல் ஆடி வரை வரவழைக்கலாம். கூத்துப் பருவம் அதுதான், வெயிலைப் பொறுத்துக்கொள்ளட்டும். அவர்களிடம் வாங்கும் கட்டணத்தில் பெரும்பகுதி வாத்தியாருக்கும், அவருக்குத் துணையாகக் கற்பிக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட உள்ளூர் இளைஞர்களுக்கும் மாதச் சம்பளமாகப் போக வேண்டும். ஓர் இளைஞரை வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் ஆறு மாதத்துக்குக் குறையாமல், அங்கே ஒரு பள்ளியில் கற்பிக்கும் பொறுப்போடு அனுப்ப வேண்டும். திரும்பி வந்ததும் காஞ்சிபுரம் இசைப்பள்ளியில் அவருக்குப் பகுதிநேர ஆசிரியர் பணி காத்திருக்க வேண்டும். தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையம் குரு–சிஷ்யத் திட்டத்தை ஏற்கெனவே நடத்துகிறது. அதன்கீழ் முதல் இடத்தை முகவீணைக்குக் கொடுக்கலாம்: வாசிக்கத் தெரிந்த ஒரு முதியவர், உள்ளூர் மாணவர் இருவர், ஓபோவோ வேறு சீவாளி வாத்தியமோ வாசிக்கத் தெரிந்த அயல்நாட்டு மாணவர் ஒருவர், இரண்டு ஆண்டு. இதற்காகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை; கோயில் மண்டபமும் மாதாமாதம் தவறாமல் வந்துசேரும் சம்பளமும் போதும்.

(கட்டுரையாளர், நிகழ்த்துகலைக் கல்வி ஆய்வாளர்)